விஞ்ஞான மேதை ஜகதீஷ் சந்திர போஸ்



நம் மலாக்கா நீரிணையை நாள்தோறும் எண்ணற்ற கப்பல்கள் கடந்து செல்கின்றன. நடுக்கடலில் செல்லும் கப்பலுக்கும் கரையிலுள்ள நிலையத்திற்கும் இடையே ஒரு முழக் கம்பிகூடக் கிடையாது. ஆயினும் மாலுமி பேசுவது கரையில் கேட்கிறது. கரையிலிருந்து விடுக்கும் எச்சரிக்கை கப்பலை எட்டுகிறது. வீட்டில் வானொலிப் பெட்டியைத் திருகினால் பாட்டு ஒலிக்கிறது. கைத்தொலைபேசியை எடுத்தால் தொலைவிலுள்ள உறவினரின் குரல் காதில் விழுகிறது. இவற்றுக்கெல்லாம் அடிப்படை, கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகள்.

அந்த அலைகளை உண்டாக்கவும், அனுப்பவும், பிடிக்கவும் தம் கையாலேயே கருவிகள் அமைத்த முன்னோடிகளுள் ஒருவர் ஓர் இந்தியர். அவர் செல்வச் சீமான் அல்லர். வசதி மிக்க ஆய்வுக்கூடம் பெற்றவரும் அல்லர். தாய்மொழிப் பள்ளியில் தொடக்கக் கல்வி பயின்றவர். அவரே ஆச்சாரியர் எனப் போற்றப்படும் சர் ஜகதீஷ் சந்திர போஸ். அவருடைய வாழ்க்கை வரலாறு நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய ஒன்றாகும்.

பிறப்பும் பெற்றோரும்

ஜகதீஷ் சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். அவர் குடும்பத்தின் பூர்வீகப் பகுதியாகிய விக்ரம்பூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ், அன்னையார் வாமசுந்தரி.

தந்தையார் அரசாங்கத்தில் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். ஏழை எளியவர்பால் பேரன்பு கொண்டவர். பர்துவான் என்னும் ஊரில் கொள்ளைக் காய்ச்சல் பரவிப் பல குழந்தைகள் பெற்றோரை இழந்து நின்றபோது, அவர்களுக்கெனத் தம் இல்லத்து வளாகத்திலேயே தொழிற்பட்டறை அமைத்தார். அங்கே தச்சு வேலையும், உலோகம் கடையும் வேலையும், வார்ப்பு வேலையும் கற்பிக்கப்பட்டன. சுத்தியலும் அரமும் உளியும் சிறுவன் ஜகதீஷின் கண்முன்னே இயங்கிக்கொண்டிருந்தன. உழைக்கும் கை இழிவானதன்று, உயர்வானதே என்னும் எண்ணம் அவன் உள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றியது. பிற்காலத்தில் அவர் செய்த அருஞ்செயல்களுக்கெல்லாம் அதுவே வித்தாயிற்று.

தாய்மொழிப் பள்ளியில்

அக்காலத்தில் அரசாங்க உத்தியோகம் பார்த்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ வேறு விதமாகச் சிந்தித்தார். பிற மொழியைக் கற்குமுன் குழந்தை தன் தாய்மொழியை அறிய வேண்டும். தன் மக்களோடு பழகி அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே தம் மகனை ஊரிலிருந்த வங்காளமொழிப் பள்ளியில் சேர்த்தார்.

அப்பள்ளியில் ஜகதீஷின் வலப்பக்கத்தில் அமர்ந்தவன், தந்தையாரின் பணியாளராகிய ஓர் இசுலாமியரின் மகன். இடப்பக்கத்தில் அமர்ந்தவன் ஒரு மீனவரின் மகன். அத்தோழர்கள் பறவைகளைப் பற்றியும், விலங்குகளைப் பற்றியும், நீர்வாழ் உயிர்களைப் பற்றியும் கதை கதையாகச் சொல்ல, ஜகதீஷ் மெய்ம்மறந்து கேட்பான். பள்ளி விட்டதும் தோழர்கள் அவனுடன் வீட்டிற்கு வருவர். அன்னையார் எவ்வித வேறுபாடும் காட்டாமல் எல்லாருக்கும் உணவளிப்பார். இயற்கையை ஆராயும் ஆர்வம் தமக்கு அந்தப் பள்ளித் தோழர்களிடமிருந்தே பிறந்ததாகப் போஸ் தம் முதுமையில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பெற்றோர்களே! உலகம் வியந்த ஒரு விஞ்ஞானி தாய்மொழிப் பள்ளியில் தொடங்கியவர் என்பதை எண்ணிப் பாருங்கள். பிற்காலத்தில் ஆங்கிலத்திலும் அறிவியலிலும் அவர் எவருக்கும் பின்தங்கவில்லை. அடித்தளம் உறுதியாக இருந்தமையால் மேலே எத்தனை மாடி கட்டினாலும் தாங்கிற்று.

உயர்கல்வி

ஜகதீஷ் 1869ஆம் ஆண்டு கல்கத்தா சென்று, முதலில் ஹேர் பள்ளியிலும் பின்னர்ப் புனித சேவியர் பள்ளியிலும் பயின்றார். புனித சேவியர் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் லாஃபோன் பாதிரியார். கருவிகளைக் கொண்டு கண்ணெதிரே செய்து காட்டிக் கற்பிப்பதில் அவர் வல்லவர். இயற்பியலில் ஜகதீஷுக்குப் பற்று ஏற்பட அவரே காரணமானார்.

1879இல் பட்டம் பெற்ற ஜகதீஷ் மேற்படிப்புக்காக 1880இல் இங்கிலாந்து சென்றார். முதலில் மருத்துவம் பயின்றார். ஆனால் முன்பே பற்றியிருந்த காய்ச்சல் அடிக்கடி வருத்தியது. பிணவறையின் நெடி நோயை மிகுவித்தது. மருத்துவக் கல்வியைக் கைவிட நேர்ந்தது. வேறொருவராயின் மனமொடிந்து ஊர் திரும்பியிருப்பார். அவரோ கேம்பிரிட்ஜ் சென்று கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்து இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கே புகழ்பெற்ற அறிஞர் ராலே பிரபு அவருக்கு ஆசானானார். 1884இல் கேம்பிரிட்ஜ், இலண்டன் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பட்டங்களையும் பெற்றார்.

மூன்றாண்டு அறப்போர்

1885இல் தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்ந்தார். அங்கே ஓர் அநீதி அவரை எதிர்கொண்டது. ஐரோப்பியப் பேராசிரியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸின் நியமனம் தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதியைக் குறைத்தனர். வேலை ஒன்றே, கூலி மட்டும் மூன்றில் ஒரு பங்கு!

போஸ் கூச்சலிடவில்லை, வேலையை விட்டு விலகவுமில்லை. குறைந்த ஊதியத்தை வாங்க மறுத்தார். ஆனால் ஒரு நாளும் தவறாமல் வகுப்பிற்குச் சென்று முன்னிலும் சிறப்பாகப் பாடம் நடத்தினார். இவ்வாறு ஒரு மாதமன்று, ஓராண்டன்று, மூன்றாண்டுகள் ஊதியமின்றியே உழைத்தார். தந்தையாரோ பிறருக்கு உதவும் நோக்கில் தொடங்கிய தொழில்கள் நட்டமடைந்தமையால் கடன்பட்டிருந்தார். 1887இல் போஸுக்குத் திருமணமும் நடந்தது. மனைவி அபலா, சென்னை சென்று மருத்துவம் பயின்ற மங்கை. வறுமையை இருவரும் முகம் சுளிக்காமல் ஏற்றனர்.

இறுதியில் மேலதிகாரிகள் அவருடைய திறமையையும் உறுதியையும் உணர்ந்தனர். பதவி நிரந்தரமாயிற்று. மூன்றாண்டுகளுக்குரிய முழு ஊதியமும் ஒரே தொகையாக வழங்கப்பட்டது. அப்பணத்தைக் கொண்டு போஸ் தந்தையாரின் கடனைத் தீர்க்க முற்பட்டார். உழைப்புக்கேற்ற கூலி வேண்டும் என்று கேட்பதன் அருமையை, வியர்வை சிந்தி உழைக்கும் நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை.

பாயளவு ஆய்வுக்கூடம்

1894ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் முப்பத்தாறாம் பிறந்தநாளில், இனித் தம் வாழ்வை ஆராய்ச்சிக்கே அர்ப்பணிப்பது என்று போஸ் உறுதி பூண்டார். ஆனால் கல்லூரியில் அதற்குரிய ஆய்வுக்கூடம் இல்லை. அவருக்குக் கிடைத்தது குளியலறையை ஒட்டிய 24 சதுர அடிச் சிற்றறை. ஆறடிக்கு நான்கடிப் பாய் ஒன்றை விரித்தால் அந்த அறை நிறைந்துவிடும். கருவிகள் வாங்கப் பணமும் இல்லை. போஸ் தம் ஊதியத்திலிருந்து செலவு செய்தார். விஞ்ஞானப் பயிற்சியே இல்லாத ஒரு தகரத் தொழிலாளியை அமர்த்திக்கொண்டு, தாம் வரைந்து கொடுத்த படத்தின்படி கருவிகளைச் செய்வித்தார்.

அவர் ஆராய்ந்தது என்ன என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். குளத்தில் கல்லெறிந்தால் நீரில் அலை எழுந்து பரவுகிறது. அதுபோலவே மின்பொறி தெறிக்கும்போது வெளியில் மின்காந்த அலை எழுந்து பரவும். இவ்வுண்மையை ஜேம்ஸ் மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் கணிதத்தால் கண்டார். ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் சோதனையால் மெய்ப்பித்தார். ஆனால் ஹெர்ட்ஸ் எழுப்பிய அலைகள் நீளமானவை. அவற்றை ஆராயப் பெரிய கருவிகளும் விசாலமான கூடமும் தேவைப்பட்டன.

போஸுக்கோ இருந்தது சிற்றறை. எனவே அலையையே சிறிதாக்கினார்! மிகச் சிறிய உலோக உருண்டைகளுக்கிடையே மின்பொறியை எழச் செய்து, 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளை உண்டாக்கினார். ஓர் அரிசி மணியின் நீளமே அது. அலை சிறுத்ததும் கருவிகளும் சிறுத்தன. சோதனை முழுவதும் ஒரு மேசையில் அடங்கிற்று. இடமில்லாத குறையே புதுவழி காணத் துணை செய்தது.

அவர் கையாண்ட பொருள்களை அறிந்தால் வியப்புத் தோன்றும். அலைகளை ஒரே திக்கில் செலுத்தவும் பிடிக்கவும் தகட்டினால் குழாயும் புனலும் அமைத்தார். வந்து சேரும் அலையை உணர, சிறு சிறு எஃகுச் சுருள்களை நெருக்கமாக அடுக்கி ஒரு கருவி செய்தார். மின்னலைகள் ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்ட ஒரு கருவி தேவைப்பட்டபோது, இரயில் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகினார். வேலை முடிந்தது! அலை அதிரும் தளத்தைத் திருப்பிக் காட்ட, வங்காளத்தில் மலிந்து கிடைக்கும் சணலை முறுக்கிப் பயன்படுத்தினார். கடையில் வாங்க இயலாததைக் கையால் செய்தார். கையால் செய்ய இயலாததற்கு மாற்றுப் பொருள் தேடினார்.

டவுன் ஹாலில் ஒலித்த மணி

1895ஆம் ஆண்டு கல்கத்தா டவுன் ஹாலில் மக்கள் திரண்டனர். போஸ் ஒரு பக்கத்தில் அலைகளை எழுப்பினார். அலைகள் சுவரை ஊடுருவிச் சென்றன. அங்கு வீற்றிருந்த துணை ஆளுநரின் உடலையும் கடந்தன. ஏறத்தாழ 75 அடித் தொலைவில் ஒரு மணி தானாக ஒலித்தது. சிறிதளவு வெடிமருந்து தானாகத் தீப்பற்றி வெடித்தது. இடையே கம்பியில்லை, கயிறில்லை. கண்டோர் திகைத்தனர்.

அதே ஆண்டில் இத்தாலியில் மார்க்கோனி என்னும் இளைஞரும் தம் தந்தையாரின் இல்லத்தில் கம்பியில்லாத் தந்திக்கான சோதனைகளைச் செய்துகொண்டிருந்தார். மார்க்கோனியின் நோக்கம் தொலைதூரத்திற்குச் செய்தி அனுப்புவது. போஸின் நோக்கம் அலைகளின் இயல்பை அறிவது. வானொலி தனியொருவர் கண்ட பொருளன்று. பல நாட்டு அறிஞரின் உழைப்பால் உருவானது. அவர்களுள் போஸுக்கு உயர்ந்த இடம் உண்டு.

கடல் கடந்த புகழ்

1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் போஸுக்கு விஞ்ஞான முனைவர் பட்டம் வழங்கியது. அவ்வாண்டு லிவர்பூல் நகரில் அறிஞர் பேரவையின் முன் தம் சிறு கருவிகளை இயக்கிக் காட்டினார். முதுபெரும் விஞ்ஞானி கெல்வின் பிரபு, கால் ஊனத்தையும் பொருட்படுத்தாது, மகளிர் அமர்ந்திருந்த மாடத்திற்கு ஏறிச் சென்று, திருமதி போஸிடம் கணவரின் அருஞ்செயலைப் பாராட்டினார். 1897 ஜனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் மன்றத்தில் போஸ் சொற்பொழிவாற்றினார். கருவிகளின் அமைப்பை அவர் சற்றும் மறைக்காமல் விளக்கியது அங்குள்ளோருக்கு வியப்பாக இருந்தது. அதைக் கொண்டு பெரும்பொருள் ஈட்டியிருக்கலாம் என்பதை அவர்கள் அறிவர்.

1899இல் போஸ் மற்றொரு கருவியை அறிவித்தார். அந்நாளில் பயன்பட்ட உணர்கருவிகளில், ஓர் அலை வந்து சேர்ந்ததும் உலோகத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த அலையை உணர வேண்டுமானால் கருவியைத் தட்டி அவற்றைப் பிரித்தாக வேண்டும். இரும்பும் பாதரசமும் கொண்டு போஸ் அமைத்த கருவியோ தானே பழைய நிலைக்குத் திரும்பியது; அதனோடு தொலைபேசிக் காதுக்குழாயை இணைத்து அலையை ஒலியாகக் கேட்கவும் முடிந்தது. 1901 டிசம்பர் 12ஆம் நாள் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த குறிப்பொலியைக் கேட்டதற்குப் பயன்பட்ட பாதரசக் கருவி, போஸின் கருவியை ஒத்ததே என ஆய்வாளர் 1998இல் விரிவாக எடுத்துக் காட்டியுள்ளனர்.

உரிமை வேண்டாத உள்ளம்

1901இல் இலண்டனில் கம்பியில்லாத் தந்தி நிறுவனத்தைச் சேர்ந்த செல்வர் ஒருவர், போஸின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்று இலாபத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என அழைத்தார். போஸ் இணங்கவில்லை. அறிவு விற்பனைப் பொருளாகக் கூடாது என்பது அவர் கருத்து. பின்னர் நண்பர்களின் வற்புறுத்தலால், கலீனா என்னும் ஈயக் கனிமக் கல்லைக் கொண்டு அமைத்த உணர்கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் செய்யப்பட்டு, 1904 மார்ச் 29ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் அதனால் பொருள் ஈட்ட அவர் முயலவில்லை. உரிமையைக் காலாவதியாக விட்டுவிட்டார்.

வீடுதோறும் வானொலி

அந்தக் கலீனாக் கல்லின் கதை சுவையானது. 1920களில் பல நாட்டு இளைஞர்கள் தம் வீட்டிலேயே வானொலி செய்யத் தொடங்கியபோது, ஏழையின் தோழனாக விளங்கியது அக்கல்லே. உயரமாகக் கட்டிய ஒரு நீண்ட கம்பி, மண்ணில் புதைத்த மற்றொரு கம்பி, அட்டைக் குழாயில் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், கலீனாக் கல், அதன்மேல் மெல்லத் தொடும் ஓர் ஊசிக்கம்பி, காதில் வைத்துக் கேட்கும் காதுக்குழாய். அவ்வளவே! மின்கலமும் வேண்டா; மின்சாரமும் வேண்டா. வானில் வரும் அலையின் ஆற்றலே காதில் ஒலியை எழுப்பும். ஊசியைக் கல்லில் இங்குமங்கும் நகர்த்தி, ஒலி கேட்கும் புள்ளியைப் பொறுமையாகத் தேட வேண்டும்.

கேட்பதோடு நில்லாமல், தாமே அனுப்புகருவி அமைத்து ஒருவரோடொருவர் உரையாடுவோரும் தோன்றினர். ஊதியம் கருதாது விருப்பத்தினால் இப்பணியைச் செய்யும் இவர்களே பொழுதுபோக்கு வானொலியர். போஸ் வாழ்ந்த கல்கத்தாவிலேயே 1921இல் அமரேந்திர சந்திர குப்தா, முகுல் போஸ் ஆகிய இருவர் தத்தம் நிலையங்களை அமைத்து இந்தியாவில் இதனைத் தொடங்கினர். தமிழகத்தில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்னும் பொறியியலாளர் முன்னின்று, 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினார். ஜூலை 31 முதல் 40 வாட் ஆற்றலுள்ள கருவியினால் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பப்பட்டன. பணமுடையால் 1927இல் கழகம் நின்றது. ஆயினும் அதன் கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டு, 1930இல் மீண்டும் ஒலிக்கத் தொடங்கியது. நம் நாட்டிலும் 1952 முதல் பொழுதுபோக்கு வானொலியருக்கெனச் சங்கம் இயங்கி வருகிறது.

வெள்ளத்திலும் புயலிலும் தொலைபேசிக் கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் தனித்துவிடும்போது, இத்தகையோரின் சிறு நிலையங்கள் உதவிக்குக் குரல் கொடுத்ததுண்டு. வீட்டில் கையால் செய்த கருவி ஓர் உயிரையும் காக்கக்கூடும் என்பதை மறவாதீர்.

செடிகொடிகளின் தோழர்

நூற்றாண்டு திரும்பியபின் போஸின் கவனம் தாவரங்களின்பால் சென்றது. நம் தோட்டங்களில் பாதையோரமெங்கும் படர்ந்திருக்கும் தொட்டாற்சிணுங்கி அவர் விரும்பி ஆராய்ந்த செடிகளுள் ஒன்று. செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியையும் அவரே அமைத்தார். 1917இல் சர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், பாயளவு அறையில் ஆய்வு செய்த அவர், வருங்கால இளைஞர்களுக்காகக் கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1920இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார்.

இத்தனை புகழ் பெற்றும் அவர் தாய்மொழியை மறக்கவில்லை. விஞ்ஞானக் கட்டுரைகளையும் கதையையும் வங்காள மொழியில் எழுதினார். அவை 1921இல் நூலாக வெளிவந்தன. கவியரசர் தாகூர் அவருடைய ஆருயிர் நண்பர். துணைவியார் அபலா, பெண்கல்விக்காகக் கழகம் அமைத்துத் தொண்டாற்றினார்.

1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஒரு வாரமே இருந்தபோது, கிரிடி என்னும் ஊரில் போஸ் மறைந்தார். ஆனால் அவர் எழுப்பிய அலைகள் மறையவில்லை. அவர் ஆராய்ந்த வகையைச் சேர்ந்த குறுகிய அலைகளே, வாகனங்கள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் கருவிகளிலும் புதிய தலைமுறைத் தொலைபேசிகள் சிலவற்றிலும் இன்று பயன்படுகின்றன. உலக மின்பொறியாளர் அமைப்பு 2012இல் அவருடைய கல்லூரியில் நினைவுப் பலகை நாட்டி, அவர் செய்த சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக ஏற்றுக்கொண்டது.

நாம் பெறும் படிப்பினை

மாணவர்களே! ஆய்வுக்கூடம் இல்லை, பணம் இல்லை, கருவி இல்லை என்று போஸ் சோர்ந்திருந்தால் அந்த மணி ஒலித்திராது. ஜாசினிலும் அலோர் காஜாவிலும், பால்மரங்களுக்கும் செம்பனைகளுக்கும் இடையே வளரும் உங்களுக்கும் கைகள் உண்டு, கண்கள் உண்டு. பழுதான வானொலியை அப்பாவின் அனுமதியோடு திறந்து பாருங்கள். ஆனால் சுவரிலுள்ள மின்சாரத்தில் ஒருபோதும் கை வைக்காதீர். அதைப் பெரியோர் துணையின்றித் தொடுதல் ஆகாது. மின்கலத்தில் இயங்கும் சிறு விளக்கையும் மணியையும் இணைத்துப் பழகுங்கள். வளர்ந்தபின், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விதிகளின்படி தேர்வெழுதி உரிமம் பெற்று, நீங்களும் சொந்த வானொலி நிலையம் அமைக்கலாம். அப்போது 9எம்2 என்றோ 9டபிள்யூ2 என்றோ தொடங்கும் அழைப்புக்குறியோடு உலகத்தை அழைக்கலாம்.

பெற்றோர்களே! மகனோ மகளோ பழைய கம்பியையும் உடைந்த பொம்மையையும் குப்பையென வீட்டில் சேர்த்தால் உடனே கடிந்துகொள்ளாதீர். இரயில் அட்டவணைப் புத்தகத்தில் விஞ்ஞானக் கருவியைக் கண்டவரும் ஒரு காலத்தில் நம் பிள்ளைகளைப் போலவே தாய்மொழிப் பள்ளியின் பலகையில் அமர்ந்திருந்தவர்தாம்.

முயற்சி திருவினையாக்கும். வாழ்க போஸின் புகழ்!